திரானோவில் இரண்டாக வெட்டினேன், வழி கிடைத்தது

இத்தாலியின் மிலானிலிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்கு பெர்னினா மலை ரயில்பாதையில் போக டிக்கெட் தேடி மூன்று நாள் மல்லுக்கட்டினேன். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த பனோரமா சுற்றுலா ரயிலில் இருக்கையே இல்லை. தேதியை மாற்றினேன், பிரவுசரை மாற்றினேன், ம்ஹூம். அப்புறம்தான் பயணத்தை, ரயில் மாறும் இத்தாலிய எல்லை ஊரான திரானோவில் இரண்டாக வெட்டித் தேடினேன். அங்கிருந்து பனோரமா ரயில் போகும் அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம், டிக்கெட் போதும். புருசியோ வட்டப் பாலம், 2,253 மீட்டர் உயரத்து ஓஸ்பிசியோ பெர்னினா நிலையம் எல்லாம் அதிலும் வரும். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம், போட்டோவில் கண்ணாடிப் பளபளப்பு விழாது.

திரானோவில் இத்தாலிய நிலையமும் சுவிஸ் நிலையமும் தனித்தனிக் கட்டடங்கள், பக்கத்துப் பக்கத்தில். நானோ இத்தாலிய நிலையத்தின் ரயில் நேரப் பலகையையே முறைத்துக்கொண்டு நின்றேன். சுவிஸ் ரயில்களில் பயணிக்க வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் திரானோவரை செல்லும். மிலான்–திரானோ டிக்கெட் தனி.