ரீபூட் ஆன பிறகும் கர்னல் செய்திகள் கிடைக்க என்ன செய்ய வேண்டும்

ராத்திரி லினக்ஸ் மெஷின் அப்படியே உறைந்துபோகிறது, காலையில் பவர் பட்டனை அழுத்தி எழுப்பிவிட்டு கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் புதிய பூட்டின் செய்திகள் மட்டும்தான் இருக்கின்றன. கர்னல் தன் செய்திகளை எழுதுவது ரேமில் இருக்கும் ரிங் பஃபர் என்ற தற்காலிக இடத்தில், கரண்ட் போனால் அதுவும் போச்சு. அதனால் சிக்கல் வருவதற்கு முன்பே லாக்கைச் சேகரிக்கும் ஜர்னல்டி சேவையைச் சரியாக அமைத்து வைத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

முதலில் /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜர்னல்டியில் ஸ்டோரேஜ் 'ஆட்டோ' என்று இருந்து இந்த டைரக்டரியும் இல்லையென்றால், லாக் எல்லாம் /ரன் கீழே, அதாவது மறுபடியும் ரேமிலேயே இருக்கும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் லாக்கை உரைக் கோப்புகளாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, ஆகவே பழைய வழக்கப்படி கெர்ன்.லாக் கோப்பைத் தேடினாலும் கிடைக்காது.

/எட்சி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்.டி என்ற டைரக்டரியை உருவாக்கி, .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் [ஜர்னல்] தலைப்பின் கீழே ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டன்ட் (லாக்கை டிஸ்க்கில் வை), சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=500எம் (அதிகபட்சம் 500 எம்பி) என்று தனித்தனி வரியில், அடைப்புக்குறி விளக்கம் இல்லாமல் எழுதுங்கள். கூடவே பலர் கவனிக்காத ஒன்று, சிங்க்இன்டர்வல்செக், அதாவது லாக்கை டிஸ்க்கில் உறுதியாக எழுதும் இடைவெளி. இதன் இயல்பு மதிப்பு 5 நிமிடம். மிகக் கடுமையான கிரிட், அலர்ட், எமர்ஜ் நிலைச் செய்திகள்தான் உடனே டிஸ்க்குக்குப் போகும், சாதாரண எர்ர் (பிழை) செய்தி காத்திருக்கும், அந்த இடைவெளியில் மெஷின் உறைந்தால் நமக்கு வேண்டிய வரியே தொலைந்துவிடலாம். நான் 30எஸ் (30 விநாடி) வைக்கிறேன். எஸ்டி கார்டில் ஓடும் மெஷின் என்றால் எழுத்து வேலை கூடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ரீபூட் செய்யுங்கள். அடுத்த முறை சிக்கல் வந்து மெஷினை எழுப்பியதும் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு --டிமெசேஜ் --பூட்=-1 --ப்ரையாரிட்டி=எர்ர் கொடுத்தால், முந்தைய பூட்டில் கர்னல் சொன்ன பிழைகள் மட்டும் வரும். ஒன்றும் வரவில்லையா, --லிஸ்ட்-பூட்ஸ் போட்டு பழைய பூட் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

திரையில் தட்டச்சு செய்யும்போது நடுவே கர்னல் செய்திகள் வந்து விழுவது தொந்தரவாக இருந்தால் கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் கர்னல்.பிரிண்ட்கே மதிப்பை 4 4 1 7 என்று வையுங்கள். முதல் எண்தான் கன்சோலுக்கு: அதைவிடச் சிறிய எண், அதாவது 0 முதல் 3 வரையிலான நிலைகள் மட்டும் திரைக்கு வரும் (எண் சிறியதானால் சிக்கல் பெரியது). லாக்கில் எதுவும் குறையாது.

அப்புறம் ஒன்று, கர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையால் கர்னலே நின்றுவிட்டால், டிஸ்க்கில் எழுதவே நேரம் கிடைக்காமல் போகலாம். அதற்கு நெட்கன்சோல் மாட்யூலை ஏற்றி, செய்திகளை யுடிபி 6666 போர்ட் வழியாக அதே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு மெஷினுக்கு அனுப்பி, அங்கே நெட்வொர்க்கில் வரும் தரவைப் பெறும் நெட்கேட் கட்டளையை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.