பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: வெட்கத்தோடு போவது எப்படி

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெற, பத்து, பதினைந்து வருஷமாகப் போகாத கத்தோலிக்கர் பலர் கடவுளை மறந்தவர்கள் இல்லை. ஞாயிறு பூசைக்கு வருவார்கள், அப்பம் வாங்கும் நற்கருணை நேரத்தில் மட்டும் தூண் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். மறித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு பாவம்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீட்டுக்கு வருகிற சாமியிடம் (பங்குக் குருவிடம்) அதை எந்த வாயால் சொல்வது என்பதுதான் சிக்கல்.

சொந்தப் பங்குச் சாமியிடம்தான் சொல்ல வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. பாவமன்னிப்பு வழங்க அதிகாரம் உள்ள எந்தக் குருவிடமும் போகலாம். டெல்டாக்காரர்களுக்கு வேளாங்கண்ணியும் பூண்டி மாதா பேராலயமும் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் நிற்கவே இடம் இருக்காது. பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரத்தில் எந்தக் கோயிலிலும் வரிசை நீளம். பின்னால் இருபது பேர் காத்திருந்தால் நீங்களே அவசரப்பட்டு விழுங்கிவிடுவீர்கள். திருவிழா இல்லாத வாரத்தில், சனி ஞாயிறு தவிர்த்து ஒரு நாள் காலையில் போங்கள். நேரத்தைக் கோயில் அலுவலகத்தில் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். முகம் காட்ட வேண்டாம் என்றால் சாமிக்கும் உங்களுக்கும் நடுவே தட்டி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடலாம். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டதை வெளியே சொல்லி உங்களைக் காட்டிக்கொடுக்கும் குரு, யாரும் தீர்ப்புச் சொல்லாமலே சபைநீக்கத்துக்கு உள்ளாகிறார். கோர்ட்டு கேட்டாலும் அவர் வாய் திறக்கக் கூடாது.

போவதற்கு முந்தின நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனை செய்யுங்கள். முதலில் பிரிக்க வேண்டியது வெட்கத்தையும் பாவத்தையும். கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போனது வெட்கம் தரும், அது பாவம் இல்லை. நிச்சயித்த கல்யாணம் முறிந்தது, பிள்ளை பரீட்சையில் தவறியது, இவையும் அப்படித்தான். சின்ன வயதில் யாரோ உங்களிடம் தகாதபடி நடந்திருந்தால் அது அவருடைய பாவம். அதைச் சொல்லி அழலாம், ஆறுதல் கேட்கலாம், ஆனால் உங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை. இப்போதும் ஒரு குழந்தைக்கு அது நடந்துகொண்டிருந்தால் தொட்டிக்குப் போவதற்கு முன் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். வெட்கம் முற்றி, உயிரோடு இருக்க வேண்டுமா என்ற நினைப்பு வந்தால் அழைக்க வேண்டிய மனநல உதவி எண் 14416.

இன்னொரு பக்கம், வெட்கமே வராத பாவங்கள் உண்டு. அடுத்தவன் வயலுக்குப் போகிற தண்ணீரை ராத்திரியில் மடை மாற்றியது, நடவுக்கு வந்தவர்களின் கூலியில் பிடித்தது, சாதி பார்த்து ஒருவரைத் திண்ணையோடு நிறுத்தியது. ஊர் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது என்பதால் மனசும் சுளிப்பதில்லை. முதலில் எழுத வேண்டியதே இவைதான்.

சாவான பாவம் (தெரிந்தே, மனதாரச் செய்த கனமான பாவம்) ஒவ்வொன்றுக்கும் இரண்டு விவரம் வேண்டும்: எது, எத்தனை தடவை. சரியான எண் நினைவில்லாவிட்டால் ‘மூன்று வருஷமாக, மாதத்துக்கு இரண்டு தடவை இருக்கும்’ என்றால் போதும். ஒரு பாவத்துக்கு ஒரு வாக்கியம், எழுவாய் நீங்கள்தான். ‘பங்காளிச் சண்டையில் அண்ணன் என்னை அப்படிப் பேசிவிட்டார், அதனால்...’ என்று தொடங்கினால் அது அண்ணனுடைய பாவசங்கீர்த்தனம் ஆகிவிடும். ‘சொத்துக்காக அண்ணனோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தேன், அவர் கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தேன்.’ இவ்வளவுதான். பாவத்தில் பங்குள்ள மற்றவர் பெயரைச் சொல்ல வேண்டாம். துண்டுத் தாளில் எழுதுங்கள், செல்போனில் வேண்டாம். முடிந்ததும் கிழித்துப் போடுங்கள்.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம். பிறகு, ‘சாமி, என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவி. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து 18 வருஷம் ஆகிறது.’ இந்த எண்ணைச் சொன்னதுமே சாமிக்கு நிலைமை புரியும். அடுத்ததாக எது தொண்டையில் நிற்கிறதோ அதையே முதலில் சொல்லிவிடுங்கள். ‘கோபப்பட்டேன், ஜெபிக்க மறந்தேன்’ என்று சின்னதிலிருந்து ஏறினால் பெரியது வருவதற்குள் தைரியம் வற்றிவிடும், ‘அவ்வளவுதான் சாமி’ என்று எழுந்துவிடுவீர்கள். வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுவதுமே செல்லாது, அதையும் சேர்த்து மறுபடி சொல்ல வேண்டிவரும். உண்மையாகவே மறந்துபோனது அப்படி இல்லை. அது மன்னிக்கப்பட்டுவிட்டது, அடுத்த முறை சொன்னால் போதும். வார்த்தையே வரவில்லையா? ‘சாமி, ஒன்று இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லியே முடித்துவிடலாம். கருக்கலைப்புக்கு மன்னிப்புப் பெற ஆயரிடம் (பிஷப்பிடம்) போக வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. 2016-லேயே எல்லாக் குருக்களுக்கும் அதை மன்னிக்கும் அதிகாரத்தை அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் கொடுத்துவிட்டார்.

பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்திருந்தால் சொந்த வார்த்தையில் வருத்தத்தைச் சொல்லுங்கள். சாமி கொடுக்கும் அபராதத்தை (பரிகாரமாகச் செய்யச் சொல்லும் ஜெபத்தை அல்லது செயலை) அன்றைக்கே முடியுங்கள். செய்ய முடியாதது என்றால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேளுங்கள். ஒரு சிக்கல் உண்டு: கோயில் கல்யாணம் இல்லாமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அன்றே பாவமன்னிப்பு கிடைக்காமல் போகலாம். அது விரட்டுவது இல்லை. திருமணத்தைச் சரிசெய்யும் வழியைப் பங்கு அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபையாருக்கு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை உண்டு. லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற போதனை நூலிலேயே தனி அறிக்கைக்கும் இடம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பாவம் அழுத்தினால் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) தனியாக நேரம் கேட்கலாம்.

எடுத்ததைத் திருப்பித் தராமல் காரியம் முடியாது. நற்செய்தியில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். உங்களிடம் கேட்பது எடுத்த அளவு. 200 அடி நீள வரப்பை ஒரு அடி தள்ளியிருந்தால் அது 200 சதுர அடி, ஏறக்குறைய அரை சென்ட். அடுத்த உழவில் வரப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம். பணமானால் சாமி கையில் கொடுத்துப் பெயர் சொல்லாமல் சேர்க்கச் சொல்லலாம். நேரில் மன்னிப்புக் கேட்பதானால் பேச்சில் ‘ஆனால்’ வரக் கூடாது. எதிராளி மன்னிக்காமல் போகலாம், அது அவர் பொறுப்பு.

வெளியே வந்த பிறகும் வெட்கம் சில வாரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பாவமன்னிப்பு பலிக்கவில்லை என்று பயந்து வேறு சாமியிடம் அதையே சொல்லப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. யோவான் நற்செய்தியைப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் ஓரத்தில், இயேசு ‘என்மீது அன்பு செலுத்துகிறாயா’ என்று மூன்று தரம் கேட்டதும் கரிநெருப்பின் ஓரத்தில்தான். மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு மனம் வருந்தினார் என்று அதிகாரம் 21 சொல்கிறது. கூடவே ஆடுகளை மேய்க்கும் வேலையும் கையில் வந்துவிட்டது.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தை ஒரு மாதத்துக்குள், முடிந்தால் அதே சாமியிடம் வைத்துக்கொள்ளுங்கள். பழையதைத் தொட வேண்டாம். ‘போன தடவைக்கு ஒரு மாதம் ஆகிறது, சாமி’ என்று தொடங்குங்கள்.