வாவிக்கரையில் இருந்து நூல் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாமே எழுதி, தாமே படம் வரைந்து, சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் இயற்கையை ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்கிறார்கள். வாவி, வயல், கடல், நிலா எல்லாம் கற்பனைக்கு ஊற்று என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாவியின் ஈரம்தான் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்க வைக்கிறது, அந்த மாரிதான் அச்சடித்த பெட்டிகளை நனைக்கிறது. வயலுக்குக் காலம் பார்த்து இறங்குகிற ஊரில் புத்தக வேலைக்கும் காலம் பார்க்க வேண்டும்.

காற்றைக் கேட்காமல் ஆண்டைத் திட்டமிடுவது

ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை வாடையும் மழையும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான்: மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, வரண்டு சூடாகி இறங்கி வரும் காற்று. ‘புத்தாண்டுக்கு வெளியிடுவோம்’ என்று முடிவெடுத்து டிசெம்பரில் அச்சகத்துக்குப் போவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. அந்த மாதத்தில் தாள் ஈரம் குடித்திருக்கும், மை காயச் சுணங்கும், கட்டிய புத்தகம் நெளியும்.

மாரியை எழுத்துக்கும் திருத்தத்துக்கும் வையுங்கள். பெப்ரவரியில் இருந்து வெளியே போய் வரையுங்கள். மே மாதத்துக்குள் பக்க அமைப்பை முடித்து ஜூனில் அச்சுக்குக் கொடுங்கள். அப்போது ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கும், வெளியூரில் இருப்பவர்கள் ஊர் திரும்பும் ஓகஸ்ட் விடுமுறைக்கும் புத்தகம் கையில் இருக்கும்.

எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று வரைவது

கல்லடிப் பாலத்தடியில் பின்னேரம் நின்றால் சூரியன் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் இறங்கும். மரமும் தோணியும் கரும் உருவமாகத் தெரியும். பார்க்க அழகுதான், ஆனால் உள்ளூர் நூல்களின் அட்டைகளில் இதே படத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். எதிர் ஒளியில் இலையின் நிறமோ வலையின் முடிச்சோ தெரியாது. எனவே படங்கள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன.

கரையை மாற்றுங்கள். காலை ஆறரைக்குக் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து விழும், எதிர்க்கரையின் கண்டல் ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்தில் நிற்கும். பின்னேரம் நாலு மணிக்கு மண்முனைப் பாலம் தாண்டி படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்தால் தென்னைவரிசை பொன் ஒளியில் இருக்கும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நிறம் வெளிறும், நிழல் சுருங்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் உச்சியில் நிற்கும் சூரியனால் நண்பகலில் நிழலே விழாது. அந்த வேளையை இலை, ஊரி, வலைக்கட்டை போன்ற சிறு பொருட்களை நிழலில் இருந்து வரையப் பயன்படுத்தலாம். அந்தி இங்கே அரை மணிக்கும் குறைவு. எனவே வானத்தின் நிறங்களை முதல் ஐந்து நிமிடத்தில் பென்சிலால் எழுத்தில் குறித்துக்கொண்டு, வண்ணத்தை வீட்டில் போடுவதே நடக்கக்கூடியது.

நிலம் தட்டை என்பதும் கவனிக்க வேண்டியது. தொடுவானக் கோட்டைத் தாளின் நடுவில் போட்டால் படம் இரண்டு பட்டியாகப் பிரிந்து உயிரற்றுக் கிடக்கும். கோட்டைக் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கி வானத்துக்கு இடம் விடுங்கள். வயலைச் சொல்ல வேண்டுமானால் மேலே ஏற்றுங்கள்.

பருவம் பிசகிய எழுத்து

எங்கள் பார்வையில் இதுதான் மிகக் கடுமையான தவறு, ஏனென்றால் ஊர் வாசகர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். கதை கார்த்திகையில் நடக்கும், வயலில் கதிர் முற்றிச் சாய்ந்திருக்கும். பெரும்போகம் மழையோடு விதைக்கப்படுவது. மார்கழியில் வயல் பச்சை, வெட்டு தைப்பொங்கலை ஒட்டியும் அதன் பிறகும்தான். ஆடியில் கதிர் வேண்டுமென்றால் அது சிறுபோகம், அதற்குக் குளத்துத் தண்ணீர் பாயும் இடம் வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் கீழோ, சேனாநாயக்க சமுத்திரத்தின் வாய்க்கால் ஓடும் அம்பாறை வயல்களிலோ நடக்கலாம். மானாவாரிக் காணியில் நடக்காது.

வாவியும் ஆண்டு முழுவதும் ஒரே வாவி அல்ல. மாரியில் வெள்ளம் இறங்கி நீர் மண்ணிறமாகும், உப்புக் குறையும், முகத்துவாரம் திறக்கும். கோடையில் மணல்மேடு வாயை அடைக்க, நீர் பச்சையாகி உவர்க்கும். பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பின்னால் வைத்து வரையும்போது முன்னால் உள்ள நீரின் நிறம் மாதத்தைச் சொல்லிவிடும். குமண வில்லுகளில் (ஆழமற்ற நீர்நிலைகளில்) நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில். வடக்கில் இருந்து வரும் பறவைகள் மாரி மாதங்களின் விருந்தாளிகள். இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் அழகு இருக்கும், உண்மை இருக்காது.

‘பறவைகள் பாடின, மரங்கள் அசைந்தன’ என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. எந்த மரம்? கண்ணாவா, தில்லையா, தாழையா? ஒரு குறிப்புக் கொப்பியில் திகதி, நேரம், காற்றின் திசை, நீரின் நிறம், பூத்திருப்பது, ஊரார் அதற்குச் சொல்லும் பெயர் என ஆறு குறிப்புகளை வாரம் இரண்டு தடவை எழுதி வாருங்கள். ஓராண்டில் நூறு பதிவு சேரும். வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைப் பற்றி எழுத விரும்புகிறவர்களுக்கும் இதையே சொல்வோம். பூரணை இரவில் தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இங்குள்ள பழைய வழக்கம். கேட்டுவிட்டு எழுதுங்கள், கேட்காவிட்டால் கேட்காததையே எழுதுங்கள்.

தில்லை என்றதும் ஓர் எச்சரிக்கை. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிவும் தற்காலிகப் பார்வை இழப்பும் வரலாம். கிளையை ஒடித்து மாதிரி எடுக்க வேண்டாம். முதலை இருக்கும் கரைகளில் நீரின் விளிம்பில் குந்தி இருந்து தூரிகை கழுவுவதும் வேண்டாம், போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள். யானை நடமாடும் படுவான்கரை ஊர்களில் ஐந்து மணிக்கு முன் சாமான்களைக் கட்டிவிடுங்கள்.

தாளையும் வண்ணத்தையும் காற்றில் விடுவது

நீர்வண்ணத் தாளின் மேல் நீரைத் தாங்கும் ஒரு பசைப் பூச்சு உண்டு. மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் அதைத் தின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, வண்ணம் வைத்ததும் ஆங்காங்கே கரும்புள்ளியாக உறிஞ்சும். வரைய முன் மூலையில் ஒரு துளி நீர் விடுங்கள். துளி நின்றால் தாள் நல்லது. உடனே உள்ளே இறங்கினால் அதைப் பென்சில் வேலைக்கு ஒதுக்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று நூறு தாள் வாங்காமல் மூன்று மாதத்துக்குத் தேவையானதை மட்டும், 300 கிராம் தடிப்பில் வாங்குங்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், 20 லீற்றருக்கு 100 கிராம் அளவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். குருணை நிறம் மாறியதும் 120 பாகைச் சூட்டில் உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம்.

வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் சில நாளில் வெள்ளைப் படலம் வரும். ஓர் இரவு திறந்து காயவிட்டு மூடுங்கள். கழுவும் நீரில் ஒரு சொட்டு கராம்பு எண்ணெய் விடுவதும் உதவும். கச்சான் வீசும்போது பிரச்சினை தலைகீழ்: வானத்தைப் பூசி முடிக்க முன்பே மேல்பாதி காய்ந்து கோடு விழும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்து, வண்ணத்தை முன்கூட்டியே நிறையக் கரைத்து, பெரிய தூரிகையால் ஒரே மூச்சில் பூசுங்கள். மாரியில் பூச்சு ஒரு மணி நேரம் ஈரமாகவே கிடக்கும். பொறுமை இழந்து அடுத்த நிறத்தை வைத்தால் பிசிறிய வளையங்கள் விழும். வெளியே கோடு போட நீரில் கரையாத மையைப் பாவியுங்கள், சாதாரணப் பேனை மை தூவானம் பட்டாலே ஓடிவிடும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

நெளிந்த படத்தை அப்படியே ஸ்கான் செய்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும். பின்பக்கத்தில் லேசாக நீர் தெளித்து, உறிஞ்சும் தாள்களுக்கு இடையே வைத்து ஒரு நாள் பாரம் ஏற்றுங்கள். அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், இரு மடங்கு பெருப்பிப்பதானால் 600. கறுப்பு மைக் கோட்டுப் படத்துக்கு 1200. ஓரம் வரை போகும் படத்துக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதல் விடுங்கள்.

பாசிக்குடாக் கடலின் நீலப்பச்சையும் மார்கழி வயலின் இளம்பச்சையும் நான்கு நிற அச்சில் மங்கும். அந்த ஒளிர்வு மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. திரையில் நிறத்தைக் கூட்டிப் பயனில்லை. பக்கத்தில் உள்ள நிறங்களைச் சற்று மங்கலாக்கினால் பச்சை தானே எழும். பாவிக்கப்போகும் அதே தாளில் ஒரு மாதிரிப் பக்கம் கேளுங்கள், பகல் நிழலில் வைத்துப் பாருங்கள்.

தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் மழையிலேயே பக்கங்கள் அலையாக நெளியும். தாளை இரு திசையிலும் மடித்துப் பார்த்தால் இலகுவாக மடியும் பக்கமே நார்த் திசை. பளபளப்புப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் உள்ள அட்டை ஈரத்தில் வெளிப்பக்கம் சுருளும், அதனால் மெல்லிய அட்டையைத் தவிர்த்து 300 கிராம் கேளுங்கள். இயற்கையோடு சம்பந்தமில்லாத ஒரு வார்த்தையும்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பின் முழுப் பிரதியையும் மறுபடி வாசியுங்கள்.

பெட்டிகளைத் தரையில் வைப்பது

2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர்களில்கூட புத்தகப் பெட்டிகள் இன்னும் தரையில், சுவரோடு ஒட்டித்தான் இருக்கின்றன. தரையில் இருந்து மூன்று அடி உயரம், சுவரில் இருந்து நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள். கறையான் வரும் வழியும் சுவர்தான். மாரியில் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் ஈரத்தை உள்ளே பூட்டுகிறீர்கள். கச்சான் நாளில், நன்கு காய்ந்த பிறகு சுற்றுங்கள். முதல் அச்சில் 300 பிரதிக்கு மேல் போகாமல் இருப்பதும் இதற்காகவே. மூலப் படங்களையும் கோப்புகளையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம். கோப்பின் ஒரு பிரதி மேட்டு நிலத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு, ஒக்டோபர் மழை தொடங்க முன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.