பசுமை வேலைக்குப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடக் கூரைகளில் சூரியசக்தித் தகடு பொருத்தும் வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அரசாங்கத்தின் சிங்கப்பூர் பசுமைத் திட்டம் 2030 பற்றிக் கேள்விப்பட்டு நம்மவர்கள் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். பாதுகாவலர், லாரி ஓட்டுநர், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு மறுபடி வேலை தேடும் அக்காமார் எல்லாரும் உண்டு. நான் சேர்ந்த காலத்தில் நடந்த அதே தவறுகள் இன்றும் நடக்கின்றன. நேரத்துக்கு வராதது, சான்றிதழை மறந்துவிட்டு வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

வேலை என்னவென்று கேட்காமல் வகுப்புக்குப் பணம் கட்டுதல்

அண்மையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். முன்பு பாதுகாவலர். அரசாங்கம் பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருந்த 500 வெள்ளியோடு சேமிப்பிலிருந்தும் கொஞ்சம் போட்டு, கார்பன் கணக்கெடுப்பு (ஒரு நிறுவனம் வெளியிடும் கரியமில வாயுவைக் கணக்கிடுவது) பற்றிய ஒரு குறுகிய வகுப்பை முடித்திருந்தார். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். மேசையில் சூரியசக்தித் தகட்டின் கேபிள்களை இணைக்கும் இரண்டு எம்சி4 இணைப்பிகளையும் ஒரு துண்டு கேபிளையும் வைத்து, “இதைப் பொருத்திக் காட்டுங்கள் அண்ணே” என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதெல்லாம் அங்கே காட்டலையே தம்பி” என்றார்.

இதை முடித்தால் பசுமை வேலை நிச்சயம் என்று அவருக்கு ஆசைகாட்டியவர்களை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அலுவலகத்தில் அறிக்கை எழுதுபவருக்கு அந்த வகுப்பு உதவும். கூரையில் நடப்பதோ மின்வேலை. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை தகட்டில் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் ஓடும்போது இணைப்பியைப் பிடுங்கினால் தீப்பொறி பறந்து கை வெந்துவிடும். மின்கட்டமைப்போடு இணைப்பது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரின் பொறுப்பு. அந்த உரிமத்துக்குப் படிப்பும் வேண்டும், அனுபவமும் வேண்டும். அந்தப் பாதையில் போகாதவர் தகடு தூக்குவதோடு நின்றுவிடுகிறார், சம்பளமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அதனால் முதலில் வேலை விளம்பரங்களைப் படித்து, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வகுப்பைத் தேடுங்கள். வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தில் நிறுவனம் முதலில் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், பிறகுதான் பயிற்சி. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை எடுத்தால் பயிற்சிக் காலச் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை நிறுவனத்துக்கு உதவி கிடைக்கும். “இந்த வயதில் யார் எடுப்பார்கள்” என்று தயங்குபவர்கள், இந்தத் திட்டத்தில் ஆள் எடுக்கிறீர்களா என்று முதலாளியிடமே கேட்கலாம்.

4,000 வெள்ளியை அவசரமாகக் கரைத்தல்

40 வயதைத் தொட்ட குடிமக்களுக்கு 2024 மே மாதம் முதல் கிடைக்கும் இந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகைக்குக் காலாவதி கிடையாது. பொறுங்கள்.

உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியைத் தள்ளிப்போடுதல்

அந்தப் பயிற்சி இல்லாத யாரையும் நான் கூரையில் ஏற்றமாட்டேன்.

ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குதல்

புரியாவிட்டால் பயிற்சியாளரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் தளத்தில் பாதிப் பேச்சு தமிழில்தான்.

வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்காமல் சேர்தல்

முழுநேரப் பயிற்சி என்றால் மாத வருமானம் நின்றுபோகும். பாதியில் விட்டுப் போனவர்களில் பலர் வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் வழியில்லாமல் போனவர்கள், அதைப் பார்க்க மனசு கேட்காது. தேர்ந்தெடுத்த சில முழுநேர வகுப்புகளுக்கு, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சரிடமிருந்து மாதம் 3,000 வெள்ளி வரை படித்தொகை பெறலாம். முந்தைய சராசரி வருமானத்தில் பாதிதான் வரும். உங்கள் வகுப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.