வீசிங் இருக்கிற பிள்ளை வீட்டில் தசைப்பயிற்சி தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா பையனுக்கு 15 வயது, கடலூர் முதுநகரில் வீடு, சின்ன வயதிலிருந்தே வீசிங். போன வருடம் மொபைலில் எதையோ பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மதியம் 3 மணிக்கு மொட்டை மாடியில் தண்டால் எடுக்க ஆரம்பித்திருக்கிறான். மூன்றாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அக்கா சொன்னது, "இனிமே ஒண்ணும் வேணாம், சும்மா இருந்தா போதும்". அவன் செய்தது தவறுதான், ஆனால் அதைவிடப் பெரிய தவறு அக்கா சொன்னது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

டாக்டரிடம் போய் "எக்சர்சைஸ் பண்ணலாமா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பயிற்சிக்கு முன்னால் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா, எத்தனை நிமிடம் முன்னால் என்று கேளுங்கள். பிள்ளை இன்ஹேலரை இழுக்கும் விதம் சரியா என்று அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், அதைத் தவறாக இழுப்பவர்கள் நிறையப் பேர். பி.பி. பார்க்க வேண்டும், ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வீசிங் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருப்போம், ரத்தம் குறைவாக இருப்பது தெரியாமலே போய்விடும். ஓடும்போது ஒருமுறை மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் நேரமும் இடமும். நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்தில் மதிய மொட்டை மாடி யாருக்குமே ஆகாது. காலை 6 மணிக்கு நல்லது, ஆனால் மார்கழிப் பனியில் வெளியே வேண்டாம், குளிர்ந்த காற்றே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். வீட்டுக்குள் என்றால் எந்த அறை என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்த பின்னறை, ராத்திரி கொசுவர்த்தி எரிந்த அறை, இப்போதுதான் சாம்பிராணி போட்ட கூடம், இதெல்லாம் வேண்டாம். பக்கத்தில் குப்பை எரிகிறதா, அன்றைக்கு விட்டுவிடுங்கள். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், ரப்பர் விரிப்பு போடுங்கள்.

எடுத்தவுடன் தரையில் தண்டால் எடுப்பதுதான் பையன்கள் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் 10 நிமிடம் நடை, கைகால் சுழற்றல் என்று உடம்பைச் சூடாக்க வேண்டும், வீசிங் உள்ளவர்களுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. அது 15 முறை ஆடாமல் அசங்காமல் வந்தால் கட்டில் விளிம்பு, அதற்கும் பிறகுதான் தரை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது காலுக்கு. எடைக்கு டம்பெல்ஸ் வாங்க வேண்டியதில்லை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. 20 லிட்டர் கேனைத் தூக்கிக் காட்டச் சொல்லி அண்ணன்மார் பந்தயம் கட்டுவார்கள், விடாதீர்கள். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பாட்டிகள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தாங்க முடியாத எடையைத் தாறுமாறாகத் தூக்கினால் வளர்கிற எலும்பு முனையில் அடிபடலாம், அதனால்தான் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது இன்னொன்று. அப்படிச் செய்தால் பி.பி. சட்டென்று ஏறும், தலை சுற்றும். நான் கண்ட எளிய வழி, ஒவ்வொரு முறையும் வாய்விட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொல்வது, எண்ணுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. எண்ணவே திணறினால் அன்றைக்கு அதோடு போதும்.

பலருக்குத் தெரியாத விஷயம், இழுப்பு பயிற்சியின் நடுவில்தான் வரும் என்றில்லை, நிறுத்திய பிறகு 5, 10 நிமிடம் கழித்தும் வரும். முடித்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போவது அதனால்தான் ஆபத்து. கால் மணி நேரம் மெதுவாக நடக்கட்டும், உங்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும், இன்ஹேலர் மாடியில் இல்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு அடங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புரோட்டீன் பவுடர் வேண்டாம். முட்டை, பச்சைப்பயறுச் சுண்டல், துறைமுகத்தில் வாங்கும் மத்தி மீன் போதும்.

தினமும் செய்யவும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் வாரத்துக்கு 3 நாள் சரி. இரண்டு மாதம் ஆகியும் கை பருக்கவில்லை என்று பிள்ளை சோர்ந்துபோவான். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது, சதை பிறகுதான். அவனிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து பிடிக்காமல் பாதி எண்ணிக்கையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

எங்கள் பையன் ஐந்து மாதம் கழித்துத் தரையில் எட்டுத் தண்டால் எடுக்கிறான், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், இன்ஹேலர் அவள் மடியில்.