தியானத்தில் கோபம் கூடிக்கொண்டே போனதற்கு வரிசைதான் காரணம்

மாடி வீட்டுக்காரரோடு சண்டை. அதற்கப்புறம் 12 நாள், கண்ணை மூடி உட்கார்ந்தாலே அந்த வாக்குவாதம் முதலிலிருந்து ஓடும், எழும்போது கோபம் முன்னைவிட அதிகமாக இருக்கும்.

முதலில் மூச்சைக் கவனிப்பதை 20 நிமிடத்திலிருந்து 40 ஆக்கினேன். நினைத்து நினைத்து மருக இன்னும் 20 நிமிடம் கிடைத்ததுதான் மிச்சம். அப்புறம் மெத்தா தியானத்துக்கு (தனக்கும் பிறருக்கும் நலம் வேண்டும் பௌத்த முறை) மாறி, நேராக அவர் முகத்தை நினைத்து 'நலமாக இருக்கட்டும்' என்று சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்லும், பல் இறுகிக் கிடக்கும்.

5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் இதற்கு வரிசையே இருக்கிறது: முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், கடைசியில்தான் பகைவர். பகைவரிடமிருந்து தொடங்கக் கூடாது என்றே சொல்கிறார். கோபம் எழுந்தால் முந்தைய ஆட்களில் ஒருவரிடம் திரும்பிப் போகவேண்டும்.

பலரும் தாண்டிவிடும் படி அந்த நான்காவது ஆள்தான். தினமும் லிஃப்டில் பார்க்கும், பெயர் தெரியாத ஒருவரை எடுத்துக்கொண்டு ஐந்து நாள் அவரிடமே நின்றேன். ஆறாம் நாள் மாடி வீட்டுக்காரரை நினைத்தபோது தாடை இறுகவில்லை. இறுகிய நாட்களில் மறுபடி லிஃப்ட்காரரிடம் போய்விட்டு வந்தேன்.

மறுவாரம் படிக்கட்டில் நானே முதலில் பேசினேன். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை இரண்டே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டோம்.