பழைய செவர்லே பிக்கப்பை வெட்டாமல் ஹாட் ராடாக்கும் முறை

1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் ஓட்டிய இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய வண்டிகளின் எடையைக் குறைத்து, எஞ்சினின் திறனைக் கூட்டி உருவாக்கிய வகையே ஹாட் ராட். கூரையை அறுத்துத் தாழ்த்துவதும் சேஸ் எனும் அடிச்சட்டத்தைத் துண்டித்து மீண்டும் ஒட்டுவதும் அங்கே இன்றும் வழக்கத்தில் உள்ளன. வடசென்னையின் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு பட்டறையில் நிற்கும் பழைய பிக்கப்பை அதே வழியில் மாற்றினால், வண்டி அழகாகும், ஆனால் பதிவுச் சான்று பயனற்றுப் போகும். ஆகவே இங்கே விவரிக்கும் வேலை முழுவதற்கும் ஒரே விதிதான்: சேஸ், கேபின், எஞ்சின் பிளாக் ஆகியவற்றின் வடிவத்தை மாற்றும் அறுப்போ வெல்டிங்கோ கூடாது; புதிதாகச் சேர்ப்பவை எல்லாம் போல்ட்டால் பொருத்தி, வேண்டும்போது கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக 1947 முதல் 1953 வரையிலான செவர்லே 3100 அரை டன் பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை பம்பாயில் வண்டிகளைப் பொருத்தி விற்றதால், அக்காலச் செவர்லே வண்டிகள் நம் ஊர்களிலும் ஓடின.

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பதன்று, ஆவணங்களைப் பார்ப்பது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதைவிட முக்கியமானது 2021இல் வந்த பழைமை வாகன விதி. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, வணிகத்துக்குப் பயன்படாமல், சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிக்கே 'விஏ' எழுத்துகள் கொண்ட பதிவெண் கிடைக்கும். ஹாட் ராடாக்குகிறேன் என்று இந்தத் தகுதியை இழப்பது, வீட்டு மனையை விற்று வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவதற்குச் சமம். சான்றில் வண்டி சரக்கு வாகனமாகவா தனிப்பயன் வாகனமாகவா பதிவாகியிருக்கிறது, சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். நிறத்தை மாற்றினால் அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். துரு அரித்த இடத்தில் அதே வடிவில் புதுத் தகடு வைத்து டிங்கர் ஒட்டுவது பழுதுபார்ப்பு. அதை மாற்றமாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை.

ஹாட் ராடின் தோற்றத்தில் பெரும்பகுதி வண்டி நிற்கும் நிலையில்தான் இருக்கிறது: முன்புறம் தாழ்ந்தும், பின்புறம் சற்று உயர்ந்தும், பின் டயர் முன் டயரைவிடப் பருத்தும் இருக்க வேண்டும். இந்த வண்டியின் முன் ஆக்சில் வார்ப்பிரும்பு போலத் தோன்றும் ஒரே கனத்த எஃகுத் துண்டு. அது கமான் பட்டைகளோடு (அடுக்கு ஸ்பிரிங்குகளோடு) பிணைக்கப்பட்டிருக்கிறது. லாரிகளுக்குப் பட்டை கட்டும் பட்டறையில் ஓரிரு பட்டைகளை நீக்கி, மீதமுள்ளவற்றை வளைவு குறைத்துக் கட்டச் சொன்னால், மூக்கு இரண்டு அங்குலம் வரை இறங்கும். அதற்கும் மேல் இறக்க வேண்டுமானால், முனைகள் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்திருக்கும் 'டிராப் ஆக்சில்' வரவழைத்துப் போடலாம். பழைய ஆக்சிலைத் துடைத்து எண்ணெய் பூசி எடுத்து வையுங்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் கட்டை வைத்து இறக்கும் முறையை முன்புறத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது, ஏனெனில் பிரேக் பிடிக்கும்போது வரும் விசையில் அந்தக் கட்டை நழுவக்கூடும். பின்புறத்தில் உந்துதண்டு ஒரு மூடிய குழாய்க்குள் ஓடி ஆக்சிலோடு இணைந்திருப்பதால், அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. நமக்கும் பின்புறம் உயர்ந்திருப்பதுதானே வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதை நம் சாலைதான் தீர்மானிக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஓடிப் பள்ளமாக்கிய எண்ணூர், மணலி சாலைகளிலும், தெருவுக்குத் தெரு எழும்பும் வேகத்தடைகளிலும், மழை நாளில் நீர் தேங்கும் வியாசர்பாடி சுரங்கப்பாதைகளிலும் செல்லும் வண்டிக்கு, தரையிலிருந்து ஆறு அங்குல இடைவெளிக்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன். வீலில் ஆறு போல்ட் துளைகள், 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். டொயோட்டா ஃபார்ச்சூனரின் வீலும் இதே வட்டம்தான் என்றாலும், மையத் துளையும் ஆஃப்செட்டும் (வீல் உள்ளோ வெளியோ தள்ளி நிற்கும் அளவும்) ஒத்துவருகின்றனவா என்று அளந்த பிறகே வாங்குங்கள்.

வண்டி வேகமாகத் தோன்றத் தொடங்கியதும் கவனம் பிரேக்குக்குப் போக வேண்டும். மூல அமைப்பில் நான்கு டிரம் பிரேக்குகளுக்கும், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான்; அதுவும் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் கசிந்தால் பிரேக் முழுவதும் போய்விடும். பழைய ஸ்டப் ஆக்சிலிலேயே (சக்கரம் சுழலும் குறுந்தண்டிலேயே) போல்ட்டால் பொருந்தும் முன் டிஸ்க் தொகுதிகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. அதோடு முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியே இயக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துப் பொருத்துங்கள். மாஸ்டர் சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால், பிரேக் ஆயில் பின்னோக்கி வடியாதிருக்க டிஸ்க் வரிசையில் 2 பி.எஸ்.ஐ., டிரம் வரிசையில் 10 பி.எஸ்.ஐ. தாங்கும் எச்ச அழுத்த வால்வுகள் தேவை. இதைத் தவிர்த்தால் ஒவ்வொரு முறையும் பெடலை இரண்டு தடவை மிதிக்க நேரிடும். வளைக்க எளிது என்று தாமிரக் குழாய் போட முன்வரும் மெக்கானிக்கை மறுத்து, இரட்டை மடிப்பு முனையுள்ள எஃகுக் குழாயே வேண்டும் என்று வலியுறுத்துங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அமெரிக்க வண்டியின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை என்பதால், பாரிமுனைக் கடைகளில் மில்லிமீட்டர் போல்ட்டை வாங்கி வந்து முறுக்கினால் மரை பாழாகும்.

எஞ்சினில் அதிகம் செய்ய வேண்டாம். 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 90 குதிரைத்திறன் தரும். அதன் பேரிங்குகள் பாபிட் எனும் மென்மையான உலோகக் கலவை ஊற்றிச் செய்தவை, உயர்ந்த சுழற்சியைத் தாங்கா. இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டும் இரண்டாகப் பிரிந்த சைலன்சரும் போதும். சைலன்சரையே கழற்றிவிடுவது சட்டப்படி குற்றம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுப்பதால், பம்பு டயஃப்ரம், ஹோஸ் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் குழாயைச் சைலன்சரிலிருந்து விலக்கி வைத்தால், கத்திரி வெயிலில் எரிபொருள் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்பது குறையும். 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டாக மாற்றும்போது, துணி சுற்றிய பழைய ஒயர்களை முழுவதுமாக நீக்கி ஃபியூஸ் பெட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட்டில் வடசென்னைக்கென்று தனிக் கவனம் வேண்டும். வெறும் பிரைமரோடு மங்கலாக விடுவது ஹாட் ராட் மரபு என்றாலும், சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். காசிமேட்டு உப்புக் காற்றில் சில மாதங்களிலேயே அடியில் துரு பிடிக்கும். தகடு தெரியும் வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, மேடுபள்ளம் நிரப்பும் பட்டியை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாமல், மேலே பளபளப்பற்ற மேட் கிளியர் பூசினால் அதே மங்கல் தோற்றம் பாதுகாப்போடு கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காமல் மாசியில் அடியுங்கள். தீப்பிழம்பு வரைய ஸ்டிக்கர் வேண்டாம். மாதவரத்தில் லாரிகளுக்குத் தூரிகையால் எழுதும் ஓவியர்களின் கோடு எந்த ஸ்டிக்கரையும்விட உயிரோட்டமானது. பின்தொட்டியின் பலகைகளுக்கு, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு ஏற்றது.

முதல் ஓட்டத்தைப் போக்குவரத்து குறைந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தொட்டியில் மணல் மூட்டைகள் ஏற்றிச் செய்யுங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்று பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் கமான் பட்டையின் யு-போல்ட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். புதிதாகக் கட்டிய பட்டைகள் அமர்ந்து இறங்குவதால், அந்தப் போல்ட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும்.